ராமநாதபுரம் கடலோரத்தில் மண்வீடு கட்டினால் உப்பில் உதிர்ந்துவிடாதா?

உதிரும், உப்புள்ள மண்ணையும் தண்ணீரையும் எடுத்தால். எங்கள் அப்பத்தா வீட்டுச் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டும், ஆனால் இரண்டு முழத்துக்கு மேலே அதே சுவர் கல்லு மாதிரி நிற்கும். காரணம், தரையின் ஈரம் உப்பையும் சேர்த்து மேலே இழுத்து வந்து, காயும்போது உப்பு மட்டும் தங்கி மண்ணை உடைக்கிறது.

அதனால் கடற்கரை மணலைத் தொடவே தொடாதீர்கள். அனுமதி வாங்கிக் கண்மாய்க் களிமண் எடுங்கள், உப்பில்லாத மணல், வைக்கோல் சேர்த்து நல்ல தண்ணீரில் மிதியுங்கள். ஒரு உருண்டை பிடித்து நெஞ்சளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள், சிதறினால் களிமண் போதாது, அப்பம் மாதிரி சப்பையானால் தண்ணீர் அதிகம். அப்புறம் கரிசல் மண்ணை மட்டும் நம்பாதீர்கள், காய்ந்தால் வெடித்துவிடும்.

அஸ்திவாரத்தைத் தரைக்கு மேல் இரண்டடியாவது கருங்கல்லில் ஏற்றுங்கள். சுவர் ஒன்றரை அடி கனம், ஒரு வரிசை இறுகிய பிறகே அடுத்தது. தை பிறந்ததும் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறிவிடும். பனங்கை, அதாவது பனைமரச் சட்டம் போட்டு, இறவாரத்தை, அதாவது கூரையின் ஓரத்தை, நன்றாக வெளியே நீட்டுங்கள். பூச்சுக்குச் சுண்ணாம்புதான், சிமென்ட் வேண்டவே வேண்டாம், உள்ளே போன ஈரத்தை அது வெளியே விடாது.