முதல் மான் வேட்டை ரைபிள்: காசை எங்கே போடுவது?

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் 11 வருடமாக இருக்கிறேன், க்ரீன் கார்டு வந்துவிட்டது. போன டிசம்பரில் அலுவலக நண்பர்களோடு பாட்டர் கவுண்டி காட்டுக்குத் துணையாகப் போய் வந்தேன். இந்த வருடம் நானும் மான் வேட்டைக்கு இறங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் ஸ்கோப் (குறிபார்க்க உதவும் தொலைநோக்கி) மாட்டியே ஒரு ரைபிள் 450 டாலருக்குக் கிடைக்கிறது. நண்பர் ஒருவரோ ".300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கு, ஆயுசுக்கும் போதும்" என்கிறார். என் கையில் மொத்தம் 1,000 டாலர். ஆள் ஒல்லி, உயரம் ஐந்தடி ஐந்து. எதை வாங்கலாம்?

பதில்: மேக்னத்தை முதலில் மறந்துவிடுங்கள். எல்க், மூஸ் போன்ற பெரிய உருப்படிகளை மேற்கு மாநிலங்களின் திறந்த மலைவெளியில் தூரத்திலிருந்து அடிப்பவர்களுக்கான தோட்டா அது. பென்சில்வேனியாவில் நீங்கள் பார்க்கப்போவது வெள்ளைவால் மான். அதுவும் மரத்துக்கு மரம் மறைக்கும் காடு. பெரும்பாலும் 100 கஜத்துக்குள்ளேயே சுட வேண்டியிருக்கும். அதற்குப் போய், சுடும்போது ரைபிள் பின்னால் இடித்துத் தோளைப் பெயர்க்கும் உதை எதற்கு?

உதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பத்துத் தோட்டா சுட்டதும் தோள் வலிக்கும். பதினோராவதில் உங்களை அறியாமலே கண் மூடிக்கொள்ளும், விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும், குழல் ஒரு முடியளவு கீழே போகும். 100 கஜத்தில் அந்த முடியளவு ஒரு சாணாகிவிடும். உங்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பயிற்சிக்களத்தில், நீங்கள் பார்க்காதபோது நண்பரை மேகசினில் (ரைபிளின் தோட்டா அடுக்கும் பகுதியில்) நிஜத் தோட்டாக்களோடு ஒரு போலித் தோட்டாவையும் கலந்து வைக்கச் சொல்லுங்கள். போலியின் முறை வரும்போது வெடிக்காது. ஆனால் உங்கள் குழல் தலையாட்டுவதை எல்லோரும் பார்ப்பார்கள்.

உங்கள் உடல்வாகுக்கு .243 வின்செஸ்டர், 6.5 க்ரீட்மோர், 7 எம்எம்-08 ஆகிய மூன்று தோட்டா வகைகளில் ஒன்று போதும். .243 வந்தது 1955-இல். 100 கிரெய்ன் எடையுள்ள குண்டோடு அது வீழ்த்திய மான்களுக்குக் கணக்கில்லை. மூன்றில் உதையும் அதற்குத்தான் குறைவு. 6.5 க்ரீட்மோர் 2007-இல் வந்த பிள்ளை. இணையத்தில் அதற்கு ரசிகர் மன்றம் இருக்கிறது, அதே அளவு கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் விட்டுத்தள்ளிப் பார்த்தால் மிதமான உதை, நல்ல குறி, எந்தக் கடையிலும் கிடைக்கும் தோட்டா. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன். .308, .30-06 இரண்டும் நல்லவைதான், உதை மட்டும் ஒரு படி கூடுதல்.

வகை போல்ட் ஆக்‌ஷனாகவே (போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) இருக்கட்டும். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு அரைத் தானியங்கி ரைபிளை எடுத்துப்போக முடியாது. ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் வகைதான் சட்டம். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் ஆகியவை 500 டாலரைச் சுற்றி வரும். டிக்கா டி3எக்ஸ் கையிலெடுத்தால் வெண்ணெய் மாதிரி போல்ட் நகரும். ஆனால் உங்கள் பட்ஜெட்டை அது ஒன்றே தின்றுவிடும்.

கடைக்குப் போகும்போது குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். ஆகஸ்டில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சாதாரண ரைபிளில் விசையிலிருந்து, தோளில் சாத்தும் கட்டையின் பின்முனை வரை நீளம் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஐந்தடி ஐந்து ஆளுக்குக் கனமான கோட்டின் மேல் அது நீளமாகி அக்குளில் சிக்கும். கண்ணை மூடி ரைபிளைத் தோளில் சாத்துங்கள், கன்னத்தைக் கட்டையில் வையுங்கள், கண்ணைத் திறங்கள். ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரிந்தால் அது உங்களுக்கான அளவு. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அதே மாடலில் 'காம்பேக்ட்' (கட்டை குட்டையான வகை) கேளுங்கள். சிறுவர்களுக்கானது என்று பெட்டியில் எழுதியிருந்தால் வெட்கப்பட வேண்டாம்.

இப்போது ஸ்கோப்போடு வரும் அந்த 450 டாலர் ரைபிள். நான் முதலில் வாங்கியதும் அப்படி ஸ்கோப்போடு வந்ததுதான். களத்தில் மூன்று தோட்டா சுட்டால் மூன்றும் மூன்று திசையில் போகும். என் கைதான் சரியில்லை என்று இரண்டு பெட்டித் தோட்டாவைக் கரைத்தேன். கடைசியில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து ஸ்கோப்பை விரலால் அசைத்துக் காட்டினார். விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது. ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் அடித்தட்டின் திருகுகளை யாரும் முறுக்கவே இல்லை. அப்படியொரு ரைபிளை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், முதல் தோட்டாவுக்கு முன் ஸ்கோப்பைக் கழற்றி, முறுக்குவிசை காட்டும் ஸ்க்ரூடிரைவரால் மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

என் கணக்கு இப்படி: ரைபிள் 480, ஸ்கோப் 200, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையமும் அடித்தட்டும் 40, தோட்டா ஐந்து பெட்டி 150. ஆக 870. பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி கவுண்டியில் விற்பனை வரி 7 சதவீதம், அதையும் சேர்த்தால் 931. மிச்சத்தில் காதுக் கவசமும் ஆரஞ்சு மேலங்கியும். ரைபிள் காலத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச் ஆரஞ்சு தெரிய வேண்டும் என்பது இந்த மாநில விதி.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வீடு அலெகெனி கவுண்டிக்குள் இருந்தால் அங்கே இந்த ரைபிளால் மானைச் சுட முடியாது. அது சிறப்பு விதிப் பகுதி. ஷாட்கன், வில் போன்றவைதான். பாட்டர் கவுண்டிக்கு எடுத்துப் போவதில் தடையில்லை. புதியவர் என்பதால் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் உரிமம் கிடைக்கும். கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: 200 டாலருக்கு எந்த ஸ்கோப்? பெரிய உருப்பெருக்கம் இருந்தால் நல்லதுதானே?

பதில்: 3-9x40 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த வெளிச்சத்தில் 9 மடங்கில் வைத்தால் உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 40-ஐ 9-ஆல் வகுத்த அளவு, சுமார் 4.4 மி.மீ. ஐந்துக்கு இறக்கினால் 8. மானும் மரமும் தனித்தனியாகத் தெரிவது அப்போதுதான். கிட்டத்தில் திடீரென்று மான் வந்தால் 9 மடங்கில் வெறும் பழுப்பு ரோமம்தான் தெரியும், எந்தப் பக்கம் தலை என்றே புரியாது. காட்டில் நடக்கும்போது 3 அல்லது 4-இலேயே வைத்திருங்கள். வோர்டெக்ஸும் லூப்போல்டும் ஆயுள் உத்தரவாதம் தருகின்றன.

மாட்டும்போது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலம் போல இடைவெளி விடுங்கள். நெருக்கினால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வரையும். அந்தத் தழும்போடு வேலைக்குப் போனால் எல்லோருக்கும் கதை சொல்லியே நாள் போகும்.

கடைக்காரர் "குறி பார்த்துக் கொடுத்துவிட்டேன்" என்றால் நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள்; அது குழலும் ஸ்கோப்பும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்கின்றன என்பது மட்டும்தான். நீங்களே 25 கஜத்தில் தொடங்குங்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு 'க்ளிக்' 100 கஜத்தில் கால் அங்குலம். ஆகவே 25 கஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்த நான்கு க்ளிக் போதாது, 16 வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் "ஸ்கோப் நகரவே மாட்டேன் என்கிறது" என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு 100 கஜம். மூன்று மூன்றாகச் சுடுங்கள், நடுவில் குழல் ஆறட்டும். காட்டுக்கு எந்தத் தோட்டாவை எடுத்துப்போகிறீர்களோ அதே தோட்டாவால் முடியுங்கள். தோட்டா வகை மாறினால் குறியும் மாறும்.

கேள்வி: எச்1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர் தனக்கும் ஒன்று என் பெயரில் வாங்கித் தரச் சொல்கிறார். பணம் அவரே தருவார். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி அதில் இருக்கிறது. பொய்யாக 'ஆம்' போட்டால் மத்திய அரசுக் குற்றம். க்ரீன் கார்டும் ஆட்டம் காணும். எச்1பி-காரருக்குப் பொதுவாகத் துப்பாக்கி வாங்கத் தடை உண்டு. ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. அவர் வகுப்புக்குப் போய், உரிமம் எடுத்து, தன் பெயரிலேயே வாங்கட்டும். உரிமம் காலாவதியாக விடக்கூடாது, இங்கே அது ஜூன் 30-உடன் முடியும். வாங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: பழைய ரெமிங்டன் 700 ஒன்று 400 டாலருக்கு வருகிறது.

பதில்: 1962-இலிருந்து வரும் நல்ல ரைபிள், ஆனால் விசையைப் பாருங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான 'எக்ஸ்-மார்க் ப்ரோ' விசைகளை, தொடாமலே வெடிக்கலாம் என்று நிறுவனமே 2014-இல் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய விசை மீதும் வழக்குகள் நடந்தன. 2020-இல் நிறுவனம் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது. விசை மாற்றிய ரசீதை விற்பவர் காட்டினால் வாங்குங்கள். இல்லையென்றால் புது விசைக்கும் துப்பாக்கி மெக்கானிக்கின் கூலிக்கும் ஆகும் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். குழலின் முனையையும் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு சிறு நெளிவு இருந்தாலும் குறி போய்விடும்.

கேள்வி: ஸ்கோப் இருக்கும்போது பைனாகுலர் தனியாக எதற்கு?

பதில்: ஸ்கோப்பால் எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கிக் குழலும் திரும்பியிருக்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது மானா, குனிந்து பூட்ஸ் கட்டும் இன்னொரு வேட்டைக்காரரா என்று ரைபிளை நீட்டித்தான் தெரிந்துகொள்வீர்களா? பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் 8x42 ஒன்று 100, 120 டாலருக்கு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ரைபிள் பெட்டகத்துக்குள் போய்ப் பூட்டிய பிறகும் அது சமையலறை ஜன்னலில் கிடக்கும். ஜனவரிப் பனியில் வரும் சிவப்புக் கார்டினல் பறவையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.