நெற்றியில் வெடி பட்டும் யானை ஏன் விழவில்லை?

உங்கள் கதையில் அப்பு சுட்ட வன்னிக் காட்டு யானை நெற்றியில் வெடி வாங்கியும் ஓடிவிடுவது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையல்ல, அப்படியே விடுங்கள். மண்டையின் முன்புறம் முழுவதும் தேன்கூடு போல் காற்றறைகள் கொண்ட எலும்பு. தலையின் பருமனுக்கு மூளை சிறிது, அதுவும் பின்னால், இரு காதுத் துளைகளுக்கும் நடுவே இருக்கிறது. அப்புவின் குண்டு அதற்கு மேலால் போயிருக்கும்.

மண்டையோட்டின் பக்கவாட்டுப் படமொன்றில் காதுத் துளையிலிருந்து துவக்கின் (துப்பாக்கியின்) வாய்க்குக் கோடு இழுத்துப் பாருங்கள். யானை தலையை உயர்த்தினால் இலக்கு துதிக்கையின் அடிப்பக்கம் வரை இறங்கிவிடும்.

ஆப்பிரிக்க வேட்டைக் குறிப்புகளை மட்டும் நம்பவேண்டாம். இலங்கையில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கருக்குக் கைகொடுத்த நெற்றிவெடி ஆப்பிரிக்காவில் பலிக்கவில்லை. ஆப்பிரிக்க யானையின் மண்டை அமைப்பே வேறு.

கதை 1937க்குப் பிந்தியதா? யானையைச் சுடுவது பற்றி அந்த ஆண்டின் இலங்கை விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தையும் பாருங்கள்.