வைரஸ் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, ஹெபடைடிஸ் பி மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இதுதான் என் பதில், மீதியெல்லாம் விளக்கம்.

டெனோஃபோவிர் சாப்பிட்டு வருகிறீர்கள், ரத்தத்தில் வைரஸ் கண்டறியும் அளவில் இல்லை, "இன்னும் எதற்கு மாத்திரை?" என்று கேட்கிறீர்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது. மாத்திரையால் கிட்னி போய்விடும் என்று யாராவது பயமுறுத்தியும் இருப்பார்கள். என் அண்ணனும் இதே நிலையில்தான் இருந்தான்.

எங்கள் இருவருக்கும் ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. அண்ணனுக்கு முதலில் கொடுத்தது லாமிவுடின். அந்த மாத்திரையை ஐந்து வருடம் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு வைரஸ் அதற்கு மசியாமல் போய்விடும். அவனுக்கும் அப்படியே ஆனது. பிறகு டெனோஃபோவிருக்கு மாற்றினார்கள். வைரஸ் மளமளவென்று இறங்கியது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டான். சில மாதம் நன்றாகத்தான் இருந்தான். அப்புறம் அசதி, வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்ததை வேறு எந்தக் குடும்பமும் அனுபவிக்கக் கூடாது. மறுபடி மாத்திரை தொடங்கி, பிழைத்து வந்தான். ஆனால் ஈரல் சுருங்கத் தொடங்கிவிட்டது. இனி வாழ்நாள் முழுக்க மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கான ஸ்கேன்.

இந்த மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கிறது. ஈரல் செல்லின் உட்கருவுக்குள் வட்டமான டிஎன்ஏவாகப் பதுங்கியிருப்பதை அது தொடுவதில்லை. தடை விலகினால் அங்கிருந்து மறுபடி கிளம்பும்.

மருந்து கம்பெனிக்காகப் பேசுகிறேன் என்று சிலர் வருவீர்கள். நான் டாக்டர் இல்லை. எல்லா பாசிட்டிவ்காரர்களும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. எனக்கே இதுவரை பரிசோதனை மட்டும்தான், மாத்திரை இல்லை. நிறுத்தவே முடியாது என்றும் இல்லை. ரத்தத்தில் எச்பிஎஸ் ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) மறைந்து அது உறுதியானவர்களுக்கு நிறுத்துவார்கள், வேறு சிலருக்கும் கணக்குப் பார்த்து நிறுத்துவதுண்டு. அப்போதும் தொடர்ந்து ரத்தம் சோதிப்பார்கள். கிட்னி பயமும் பொய்யில்லை. அதற்குத்தான் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். அண்ணனுக்கு அது ஏறியதும் கிட்னியைக் குறைவாகப் பாதிக்கும் வகையான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு கொடுத்தார்கள். லாமிவுடினுக்கு மசியாத வைரஸ் என்பதால் என்டெகாவிர் என்ற இன்னொரு மாத்திரை அவனுக்குச் சரிப்படாது என்றார்கள். மாற்று மருந்து இருக்கும்போது ஏன் நிறுத்த வேண்டும்?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நேர்முகத் தேர்வெல்லாம் முடிந்து, மருத்துவப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்ததும் எனக்கு வேலை இல்லை என்றது ஒரு நிறுவனம். மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை அது! சேர்ந்து சாப்பிட்டால், கைகுலுக்கினால், இருமினால் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் வழி. தடுப்பூசியும் இருக்கிறது. இதையெல்லாம் எழுதிக் கொடுத்தும் பதிலே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை போகும்போது எச்பிஎஸ் ஆன்டிஜென், ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) இரண்டும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். அதுவரை கையிலிருக்கும் மாத்திரை தீரும் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள்.