உலகின் காலநிலை மண்டலங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்? அட்சரேகையை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. மதுரையும் கொடைக்கானலும் ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில்தான் இருக்கின்றன. அதற்காக, சித்திரை வெயிலுக்குப் பயந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறுகிறவரிடம் இரண்டும் ஒரே மண்டலம் என்று சொல்லிவிட முடியுமா?

இன்று பரவலாகப் பயன்படுவது விளாதிமிர் கோப்பென் என்ற காலநிலை அறிஞர் 1884-இல் தொடங்கி, வாழ்நாளெல்லாம் திருத்திக்கொண்டே இருந்த முறை. பின்னாளில் ருடால்ஃப் கெய்கர் என்ற இன்னொரு காலநிலை அறிஞரும் அதைத் திருத்தினார். (கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வெகனருக்கு கோப்பென் மாமனார்!) அடிப்படையில் தாவரவியல் படித்தவர் என்பதால், எங்கே எது வளர்கிறது என்று பார்த்தே எல்லை போட்டார். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியும் 18 டிகிரிக்குக் குறையாவிட்டால் வெப்பமண்டலம், அதற்கு ஆங்கில எழுத்து ‘ஏ’. மிகச் சூடான மாதமே 10 டிகிரியைத் தொடாவிட்டால் துருவ வகை, ‘இ’. அங்கே மரம் வளராது. நடுவில் மிதமான ‘சி’, கடுங்குளிர் ‘டி’. கொடைக்கானல் ‘சி’யில் சேரும்.

எனக்குப் பிடித்தது வறண்ட வகையான ‘பி’தான். இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே மழை பெய்தால் வறட்சி என்று ஒரே கோடு இதில் கிடையாது. வெயில் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழை கோடை, குளிர் என இரண்டு அரையாண்டிலும் பரவலாகப் பெய்யும் ஊர் என்றால், ஆண்டுச் சராசரி வெப்பத்தை இரண்டால் பெருக்கி 14-ஐக் கூட்டுங்கள். மழை அத்தனை சென்டிமீட்டர் இல்லையென்றால் அரைவறட்சி, அதில் பாதிகூட இல்லையென்றால் பாலைவனம். மழையில் பெரும்பங்கு கோடையில் பெய்தால் சீக்கிரம் ஆவியாகிவிடும், அதனால் 14-க்குப் பதில் 28.

மதுரைக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி வெப்பம் 29 டிகிரி அளவில் என்றால் எல்லை 72. மழை சுமார் 85 சென்டிமீட்டர். ஆக, நாம் ‘ஏ’தான், ஆனால் வேலியை ஒட்டித்தான் நிற்கிறோம். லண்டனில் 60 சென்டிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. அங்கே வெப்பம் 11 டிகிரி சொச்சம், எல்லை 38-ஐத் தாண்டாது. அந்த 60-ஐ வைத்துக்கொண்டே ஊர் பச்சையாக இருக்கிறது. அதே 60 இங்கே பெய்தால் நாம் ‘பி’.

சரி, ஒரு வருஷம் மழை பொய்த்தால் வகை மாறிவிடுமா? மாறாது. பொதுவாக 30 ஆண்டுச் சராசரியைத்தான் எடுப்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு இது பெரிய உதவி இல்லை. அவருக்கு வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தில் ஈரம் எவ்வளவு தங்குகிறது என்பது. அதற்கு, மண்ணின் ஈரத்தையும் ஆவியாதலையும் மாதவாரியாகக் கணக்கிடும், அமெரிக்கக் காலநிலை அறிஞர் தோர்ன்த்வெயிட்டின் 1948 முறைதான் கோப்பெனை விடப் பொருத்தம் என்பேன்.