கணினி கேள்வி–பதில்: கடைக் கணினியில் நாம் விட்டுவரும் தடங்கள்

இம்மாதம் பதிலளிக்க எடுத்துக்கொண்ட மூன்று கடிதங்களும் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவை. மூன்றையும் படித்தபோது, மூவரும் ஒரே கடையின் ஒரே கணினியைத்தான் பயன்படுத்துகிறார்களோ என்ற ஐயமே எனக்கு எழுந்தது.

கேள்வி: நான் தோட்டத்தில் வசிப்பவள். வீட்டில் கணினியும் இல்லை, அச்சுப்பொறியும் இல்லை. சேமநிதி அறிக்கையை அச்செடுக்கவும், மகனின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் படிவத்தை நிரப்பவும், வாட்ஸ்அப்பில் வரும் கடிதங்களை அச்செடுக்கவும் பட்டணத்து ஃபோட்டோஸ்டாட் கடைக்குத்தான் போகிறேன். எழுந்து வரும்போது உலாவியின் கேஷை அழித்துவிட்டால் போதும், நம் விவரங்களை யாரும் பார்க்க முடியாது என்று அண்ணன் மகள் சொல்கிறாள். கேஷ் என்றால் என்ன? அதை அழித்தால் போதுமா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் அண்ணன் மகள் சொன்னதில் பாதி சரி. அழிக்க வேண்டும் என்பது சரி. அது போதும் என்பதுதான் சரியன்று.

கேஷ் என்றதும் கல்லாப்பெட்டி நினைவுக்கு வரலாம். ஒலி ஒன்றுதான், சொல் வேறு. மறைத்து வைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பதுக்ககம் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது என்பதால் கேஷ் என்றே எழுதுகிறேன். நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது அதிலுள்ள படங்கள், எழுத்துருக்கள், நிரல் கோப்புகள் ஆகியவற்றை உலாவி இறக்கிக்கொள்வதோடு, அவற்றின் பிரதியைக் கணினியின் வட்டிலும் ஒதுக்கி வைக்கிறது. மறுமுறை அதே பக்கத்துக்குப் போனால் மீண்டும் இறக்க வேண்டியதில்லை. செம்பனைக் காட்டுக்குள் நுழைந்தாலே அலைவரிசை தளர்ந்துவிடும் நம் பகுதிகளில் இது மெய்யாகவே பயனுள்ள ஏற்பாடு. தொல்லை எங்கே வருகிறதென்றால், நீங்கள் எழுந்துபோன பிறகும் அந்தப் பிரதிகள் அங்கேயே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் இலவச மென்பொருள்களும் உண்டு.

ஆனாலும் கடைக் கணினியில் நீங்கள் விட்டுவரும் தடங்களில் மிகக் குறைந்த ஆபத்து உடையது கேஷ்தான். ஒழுங்காக அமைக்கப்பட்ட வங்கித் தளங்கள், கணக்கு விவரம் காட்டும் பக்கத்தை அனுப்பும்போதே ‘இதைச் சேமித்து வைக்காதே’ என்ற கட்டளையையும் சேர்த்தே அனுப்புகின்றன. உலாவியும் அதற்குக் கீழ்ப்படிகிறது. எல்லாத் தளங்களும் அவ்வளவு கவனமாக இருப்பதில்லை என்பதால் கேஷை அழிப்பது நல்லது. ஆனால் அதைவிட முக்கியமானவை மூன்று உள்ளன.

முதலாவது குக்கி. நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்நுழைந்ததும், இவர் நம்மவர்தான் என்பதற்கு அடையாளமாகத் தளம் உலாவியிடம் கொடுத்துவைக்கும் சிறு சீட்டு அது. சீட்டு அங்கேயே இருந்து, தளமும் அதைக் காலாவதியாக்காமல் இருந்தால், அடுத்து அமர்பவர் கடவுச்சொல் தெரியாமலேயே உங்கள் கணக்குக்குள் போய்விடலாம். இரண்டாவது, ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று உலாவி கேட்கும்போது அவசரத்தில் நாம் அழுத்திவிடும் ‘ஆம்’.

மூன்றாவதை நான் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு சிறு பட்டணத்துக் கடையில் என் கட்டுரையை அச்செடுக்க உட்கார்ந்தேன். கோப்பைத் தேடி ‘டவுன்லோட்ஸ்’ உறையைத் திறந்தால், பட்டியல் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. யாருடைய சம்பளச் சீட்டோ, அடையாள அட்டையின் இரு பக்கமும் எடுத்த படமோ, மருத்துவமனைக் கடிதமோ, ஒரு பெண்ணின் விவாகரத்து மனுவோ எதுவும் அங்கே மறைந்திருக்கவில்லை. பெயரைப் பார்த்தே திறந்துகொள்ளலாம். அந்த உலாவியின் கேஷை யாரோ ஒழுங்காகத்தான் அழித்து வைத்திருந்தார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: அழிக்கும் பட்டியலில் ‘பதிவிறக்க வரலாறு’ என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் உலாவி அழிப்பது பெயர்ப் பட்டியலை மட்டுமே. கோப்பு உறைக்குள் அப்படியே இருக்கும். அதை நீங்களே போய் அழிக்க வேண்டும். வெறுமனே அழித்தால் குப்பைத்தொட்டியில் போய்க் கிடக்கும் என்பதால், விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலீட்டை அழுத்துங்கள். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் பழைய வட்டிலிருந்து அதையும் தோண்டியெடுக்கக்கூடும்; ஆனால் அடுத்து வரிசையில் நிற்பவர் அந்த வேலைக்கு வந்தவர் அல்லர்.

வாட்ஸ்அப் தனிக் கதை. கடைக் கணினித் திரையில் தெரியும் சதுரக் கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடித்து வாட்ஸ்அப்பைத் திறந்திருப்பீர்கள். சாளரத்தை மூடினால் இணைப்பு அறுந்துவிடாது. நீங்கள் வீடு திரும்பிச் சமைத்துக்கொண்டிருக்கும்போதும், பட்டணத்தில் வேறொருவர் உங்கள் குடும்பக் குழுவின் பேச்சைப் படித்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலிலோ அமைப்புகளிலோ உள்ள ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஏதும் பட்டியலில் இருந்தால், அதைத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள். கடைக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

இனி, கடையில் செய்ய வேண்டிய வரிசை. உட்காரும்போதே உலாவியில் விருந்தினர் (கெஸ்ட்) சாளரத்தையோ மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தையோ திறந்துகொள்ளுங்கள். அந்த வகைச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியதும் வரலாறும் குக்கியும் கேஷும் தாமாகவே நீங்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு தளத்திலும் ‘வெளியேறு’ என்பதை அழுத்துங்கள், ஏனெனில் சீட்டைக் கிழிப்பதோடு நில்லாமல் சீட்டுக் கொடுத்தவரிடமும் அது செல்லாது என்று சொல்லிவிட்டு வருவதற்கு அதுதான் வழி. சாதாரணச் சாளரத்தில் வேலை செய்திருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் அழிக்கும் பெட்டி வரும். அதில் கால அளவை ‘கடந்த ஒரு மணி நேரம்’ என வைத்து, நீங்கள் அதற்கும் மேல் அமர்ந்திருந்தால் ‘24 மணி நேரம்’ என வைத்து, வரலாறு, குக்கி, கேஷ் மூன்றையும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். ‘எல்லாக் காலமும்’ என்று வைத்தால் கடைக்காரரின் சொந்தக் கணக்குகளும் வெளியேறிவிடும். அடுத்த முறை அவர் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும். கடைசியாக டவுன்லோட்ஸ் உறை.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், மைகாட் அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடுகின்றன. அந்த ஒரு படம் போனால் வயதும் ஊரும் சேர்ந்தே போகின்றன. வணிகப் பரிவர்த்தனைகளில் பெறப்படும் தனிநபர் தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கொள்கைகளுள் ஒன்று. ஒவ்வோர் இரவும் அந்த உறையைக் காலி செய்யுமாறு கடைக்காரரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கும் அதில் என்ன குவிந்திருக்கிறதென்று தெரிந்திருக்காது.

கேள்வி: கைப்பேசியில் கேஷை அழித்தால் நான் எடுத்த படங்களும் சேமித்த கடவுச்சொற்களும் போய்விடுமா? வாரம் ஒருமுறை அழிக்கச் சொல்கிறார் நண்பர்.
– செம்பனைத் தோட்டத் தொழிலாளர் ஒருவர்

பதில்: போகாது ஐயா. கேஷ் மட்டும் போனால் அடுத்த முறை பக்கங்கள் சற்றுத் தாமதமாகத் திறக்கும், டேட்டாவும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. உங்கள் கைப்பேசி உங்கள் சட்டைப்பையில் மட்டுமே இருப்பதானால் வாரந்தோறும் அழிக்கத் தேவையில்லை. திரைப்பூட்டு போடுவது அதைவிடப் பயன் தரும். ஆனால் ஆண்ட்ராய்டில் ஒரு செயலியின் அமைப்புக்குள் ‘கேஷை அழி’ என்பதன் பக்கத்திலேயே ‘தரவை அழி’ அல்லது ‘சேமிப்பகத்தை அழி’ என்றும் ஒன்று இருக்கும். விரல் அதில் பட்டுவிட்டால் அந்தச் செயலியைப் புதிதாக நிறுவியதுபோல் ஆகிவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு அழுத்துங்கள்.

கேள்வி: நான் ஆறாம் படிவ மாணவன். குக்கிகளை அழித்தாலும் விளம்பர நிறுவனங்கள் கேஷைக் கொண்டே நம்மைப் பின்தொடர முடியும் என்று படித்தேன். அது எப்படி? மறைநிலைச் சாளரம் அதைத் தடுக்குமா?
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. என் அப்பா ரப்பர் பால் வெட்டிய காலத்தில் தம் வாளியின் அடியில் சிவப்புச் சாயத்தால் ஓர் எண்ணை எழுதி வைத்திருந்தார். ஸ்டோரில் பால் நிறுக்கும் கிராணி (தோட்டக் கணக்கர்) முகத்தை நிமிர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை. வாளியைக் கவிழ்க்கும்போதே யாருடையதென்று தெரிந்துவிடும். கேஷிலும் இதே நடக்கிறது. ஒரு படத்தை அனுப்பும்போது தளத்தின் சேவையகம் (சர்வர்) அதனுடன் ஈடேக் எனப்படும் ஓர் அடையாளக் குறியையும் ஒட்டி அனுப்பலாம். மறுமுறை உங்கள் உலாவி, ‘இந்தக் குறியுள்ள படம் என்னிடம் இருக்கிறது, மாறிவிட்டதா?’ என்று கேட்கும். படம் மாறியதா என்று அறியத்தான் அந்தக் குறி. ஆனால் ஆளுக்கொரு குறியாகக் கொடுத்துவிட்டால், குக்கியை நீங்கள் அழித்த பிறகும் குறியைப் பார்த்தே உங்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரு பிரபலத் தளத்தில் இந்த உத்தி பயன்பட்டதை 2011-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே குக்கியை அழிப்பவர் கேஷையும் சேர்த்தே அழிக்க வேண்டும்.

அதற்கும் முன்பே, 2000-இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் இன்னொரு ஓட்டையைக் காட்டியிருந்தார்கள். வேறொரு தளத்தின் படத்தை உங்கள் உலாவியைக் கொண்டு வரவழைத்து, அது வர எடுக்கும் நேரத்தை அளந்தால் போதும். சட்டென்று வந்தால் அது ஏற்கெனவே கேஷில் இருக்கிறது, அதாவது நீங்கள் அந்தத் தளத்துக்குப் போயிருக்கிறீர்கள். இதற்குத் தீர்வாக உலாவிகள் தளத்துக்கொரு தனி அறையாகக் கேஷைப் பிரித்து வைக்கத் தொடங்கின. சஃபாரி 2013-லேயே தொடங்கியது. குரோம் 2020 அக்டோபரில் 86ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியில் 85ஆம் பதிப்பிலும் வந்துசேர்ந்தன. இருபது ஆண்டு! எனவே நீங்கள் செய்யக்கூடிய எளிய காரியம் உலாவியைப் புதுப்பித்து வைத்திருப்பது. கடைக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் இந்தப் பிரிவினை அங்கே இருக்காது.

மறைநிலைச் சாளரம் தனிக் கேஷோடு தொடங்கி, மூடியதும் அதை எறிந்துவிடுகிறது. அந்த அளவுக்கு உதவும். ஆனால் அது கணினியில் தடம் விடாமல் இருப்பதற்கே. இணையத் தொடர்பைத் தரும் நிறுவனமும், பள்ளி அருகலையை (வைஃபை) நிர்வகிப்பவரும், நீங்கள் போகும் தளமும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். மறைநிலையில் இருந்தவர்களின் தரவையும் திரட்டியதாகக் கூகுள்மீது அமெரிக்காவில் 2020-இல் தொடுக்கப்பட்ட வழக்கு, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் 2024-இல் ஒப்புக்கொண்டதில் முடிந்தது. மறைநிலைச் சாளரத்துக்குள் உங்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்து ஒன்றைத் தேடினால், சாளரத்தை மூடிய பின்னும் அந்தத் தேடல் உங்கள் கணக்கின் ‘எனது செயல்பாடு’ பக்கத்தில் இருக்கக்கூடும். அங்கே போய் அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும்.