மொறுமொறு கோபி மஞ்சூரியன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது. சாஸில் போட்ட ஐந்தாவது நிமிடம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: தண்ணீரில்தான். காலிஃப்ளவர் பூவில் ஒரு தண்ணீர், சாஸில் ஒரு தண்ணீர், இரண்டையும் கவனிக்க வேண்டும். வெந்நீரிலிருந்து எடுத்த பூக்களை வெள்ளைத் துணியில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காம்புகளின் இடுக்கில் தேங்கிய நீர் அப்போதுதான் இறங்கும். ஒரு பூவை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் காயட்டும்.

நடுத்தர அளவுப் பூ ஒன்றுக்கு அரை கப் மைதா, கால் கப் கார்ன்ஃப்ளார், இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு போதும். மைதா மட்டும் போட்டால் பூரி மாதிரி இழுக்கும். கார்ன்ஃப்ளார்தான் முறுகல் தரும். அது வெள்ளையாக இருக்க வேண்டும், மஞ்சள் நிற மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. மாவு பூவின் மேல் மெல்லியதாகப் படிய வேண்டும், அப்பிக்கொள்ளக் கூடாது.

அப்புறம், இரண்டு முறை பொரியுங்கள். முதலில் மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம், வெளிறிய நிறத்திலேயே எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆறட்டும். அந்த நேரத்தில் பூவுக்குள் இருக்கும் ஈரம் மேல் மாவுக்கு வந்துவிடும். பிறகு எண்ணெயை நன்றாகக் காயவைத்து ஒரு நிமிடம் பொரித்தால் அந்த ஈரம் போய்விடும். பலர் விடுகிற படி இதுதான்.

சாஸ் கெட்டியாகி, கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுப் பூக்களைக் கொட்டி நாலு புரட்டு புரட்டி உடனே தட்டில் வையுங்கள். சாஸோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் எவ்வளவு நன்றாகப் பொரித்திருந்தாலும் வீண்.

கேள்வி: வெந்நீரில் எவ்வளவு நேரம் போட வேண்டும்? புழு பயமாக இருக்கிறது.

பதில்: நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு மூன்று நிமிடம். காம்பை ஒடித்தால் இன்னும் 'டக்' என்று ஒடிய வேண்டும். குழைந்த பூவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. புழு காம்பு பிரியும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும். அதனால் முதலில் சின்னச் சின்னப் பூக்களாகப் பிரித்துவிட்டுப் பிறகு நீரில் போடுங்கள்.

கேள்வி: கடையில் வருகிற அந்தச் சிவப்பு வீட்டில் வரவே இல்லையே?

பதில்: வராமல் இருப்பதே நல்லது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்கத் தடை விதித்தது. சோதித்த 171 மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று முடிவு வந்தது. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோசின் ஆகிய நிறமிகள் அவற்றில் இருந்தன. குழந்தைகள் ஆசையாகக் கேட்டுச் சாப்பிடுகிற பண்டத்தில் இது எதற்கு? சோயா சாஸ் சேர்ந்த மஞ்சூரியன் பழுப்பாகத்தான் இருக்கும். நிறம் வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துச் சாஸில் சேருங்கள். காரம் அதிகம் ஏறாது.

கேள்வி: சீனாவில் இதைச் சாப்பிடுவார்களா?

பதில்: இது இந்தியாவில் பிறந்தது. கொல்கத்தாவில் குடியேறிய சீனர்கள், குறிப்பாக ஹக்கா மக்கள், நம் நாக்குக்கு ஏற்ப மாற்றிய சமையல் வழியில் வந்தது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலா போடும் இடத்தில் சோயா சாஸ் ஊற்றினார். சைவக்காரர்களுக்காகக் கோழியின் இடத்துக்குக் காலிஃப்ளவர் வந்தது. மாவையும் சாஸையும் தாங்குகிற காய் என்பதால் அது நிலைத்துவிட்டது.

கேள்வி: எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டோம்.

பதில்: இஞ்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள். குடைமிளகாய், பொடியாக நறுக்கிய செலரித் தண்டு, கடைசியில் கொஞ்சம் மிளகுத்தூள். கடையில் வாங்கும் சில்லி சாஸ் பலவற்றில் பூண்டு உண்டு, லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அஜினமோட்டோ கட்டாயமா?

பதில்: இல்லை. சோயா சாஸிலும் தக்காளி சாஸிலும் அந்தச் சுவை ஏற்கெனவே இருக்கிறது. உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போடுங்கள், சோயா சாஸே உப்புதான்.

கேள்வி: ஏர் ஃப்ரையரில் வருமா?

பதில்: வரும், ஆனால் அந்த முறுகல் வராது. நீர்த்த மாவு வழிந்துவிடும் என்பதால் பூவை லேசாக ஈரமாக்கி, உலர்ந்த மாவில் பிசறி, எண்ணெய் தடவி வையுங்கள்.

கேள்வி: மாலையில் முப்பது பேர் வருகிறார்கள். முன்னாடியே செய்து வைக்கலாமா?

பதில்: முதல் பொரிப்பை மதியமே முடித்து, ஆறியதும் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாக இருக்கும்போது மூடினால் வியர்த்துவிடும். சாஸையும் தனியாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆட்கள் வந்ததும் இரண்டாவது பொரிப்பு, சூடான சாஸில் ஒரு புரட்டு, மேலே வெங்காயத்தாள். முப்பது பேருக்கும் ஒரே வாணலியில் கொட்டாமல், ஐந்தாறு தட்டுக்கு ஆகும் அளவாகப் புரட்டிப் புரட்டி அனுப்புங்கள்.