கடவுளின் கை தோண்டிய குழிகள்

வெள்ளவத்தையில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், சென்ற முறை ஜப்பானின் ஷினிச்சி புஜிமுராவைப் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

தெஹிவளை ஆசிரியை ஒருவர்: பஸ் நெரிசலில் பிந்தி வந்தேன் ஐயா. அவர் செய்தது என்ன?

தொல்லியலில் பட்டமில்லாத, தானே கற்றுக்கொண்ட ஆர்வலர். 1981இல் மியாகிப் பகுதியின் சசராகியில் 40,000 ஆண்டுக்கு மேற்பட்டவை எனப்பட்ட கற்கருவிகளை எடுத்தார். அதன்பின் அவர் கைவைத்த இடமெல்லாம் கருவி, ஒவ்வொன்றும் முன்னையதைவிடப் பழையது. கமிதகமோரியில் ஆறு இலட்சம் ஆண்டையும் தாண்டினார். "கடவுளின் கை" என்று பட்டம் சூட்டினார்கள். 2000 அக்டோபர் 22ஆம் திகதி மைனிச்சி நாளிதழின் மறைவான கமராவில் அந்தக் கை சிக்கியது. தனியாக வந்து குழி தோண்டினார், கற்களை வைத்தார், மண்ணை மூடினார். நவம்பர் 5ஆம் திகதி படங்கள் வெளிவந்தன. அவரும் ஒப்புக்கொண்டார்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற கணக்காளர்: இருபது வருடமாக நிபுணர்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

கணக்காளருக்கே உரிய கேள்வி. பதில் கொஞ்சம் நீளும்.

புஜிமுராவின் கற்கள் பெரும்பாலும் உண்மையான பழங்கருவிகள். பல, மிகவும் பிந்திய காலத்தவை; ஜப்பானில் மட்பாண்டம் வனைந்த ஜோமோன் காலத்தைச் சேர்ந்தவை. பொய்யானது அவை கிடந்த இடம் மட்டுமே. அங்கே எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. எந்த அடுக்குக்கு எத்தனை வயது என்று ஆய்வுகூடம் சரியாகவே சொல்லிவிடும். அந்த அடுக்குக்குள் ஒரு கல்லைச் செருகிவிட்டால், அடுக்கின் வயது கல்லுக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். வவுச்சர் அசல், திகதி மட்டும் திருத்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தடயம் இருந்தது. சில கற்களின் மேல் மெல்லிய துருக்கோடுகள். உழுகருவியின் இரும்பு உரசினால்தான் அப்படி விழும். இலட்சக்கணக்கான ஆண்டு ஆழத்தில் புதைந்திருந்த கல்லை எந்தக் கலப்பை உரசியது? வயல் மேற்பரப்பில் பொறுக்கியவை அவை. இன்னொன்று: சுமார் 30 கிலோமீற்றர் தள்ளியிருந்த இரண்டு இடங்களில் எடுத்த துண்டுகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் வியந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இதில்தான்.

எல்லோரும் தூங்கவில்லை. தொல்லியலாளர்களான ஷிசுவோ ஓடாவும் சார்ல்ஸ் கீலியும் 1986இலேயே ஐயங்களை எழுதி வெளியிட்டார்கள். கேட்பாரில்லை. ஜப்பானின் தொன்மை வருடாவருடம் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது அதைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்? நம் பக்கத்திலும், மொழியின் வயதைக் கூட்டிச் சொல்பவருக்குத்தான் மேடையில் கைதட்டல் அதிகம்.

கொட்டாஞ்சேனை மாணவன்: சேர், பில்டவுன் மனிதனும் இதே கதைதானா?

ஒரு வேறுபாடு, தம்பி. அங்கே பொருளே போலி. இங்கிலாந்தின் பில்டவுனில் கிடைத்த ஆதிமனிதன் என்று 1912இல் சட்டத்தரணி சார்ல்ஸ் டோசன் காட்டியதில் மண்டையோடு மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. பற்களை அரத்தால் ராவி, எலும்பைச் சாயமேற்றியிருந்தார்கள். வெளுக்க 1953 ஆயிற்று. 1916இல் டோசன் இறந்தபின் அங்கே எதுவும் அகப்படவில்லை. அதுவே ஒரு சாட்சி.

மருதானை வாசகி: சந்தேகம் வந்தால் உடனே சொல்லிவிடுவதுதானே நல்லது?

சந்தேகத்தைச் சொல்லலாம், தீர்ப்பைச் சொல்லக்கூடாது அம்மா. பிரான்சில் 1924இல் குளோசெல் என்ற ஊரில் எமில் பிராடான் என்ற பதினேழு வயதுப் பையனின் வயலில் எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் கிடைத்தன. லூவர் நூதனசாலையின் ரெனே துசோ அவனைப் போலிக்காரன் என்றார். பையன் அவதூறு வழக்குப் போட்டு வென்றான்.

புஜிமுரா அகப்பட்ட சூட்டில் ஜப்பானிய வார இதழொன்று, 1960களில் ஹிஜிரிதாகி குகையில் அகழ்ந்த பேராசிரியர் மிட்சுவோ ககாவாவையும் போலிச் சந்தேகத்துக்குள் இழுத்தது. 2001இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினர் வழக்காடினார்கள், இதழ் இழப்பீடு கொடுத்து மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. படித்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொருவர், பெயரும் ஊரும் எழுதவில்லை: நமது நாட்டில் கற்கால மனிதர் வாழ்ந்ததாகச் சொல்லும் பாகியங்கலை, பட்டதொம்பலென குகைகளை எப்படி நம்புவது?

தனி ஒருவரின் கையை நம்பச் சொல்லவில்லை. அடுக்கடுக்காக அகழ்ந்தார்கள், கரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள், பிறகு வேறு குழுக்களும் வந்து பார்த்தன. பாகியங்கலையின் எலும்பு அம்புமுனைகளுக்கு 48,000 ஆண்டு என்று 2020இல் வெளியானது. மறுத்துப் பார்க்க விரும்புபவருக்குத் தரவு திறந்திருக்கிறது.

கிருலப்பனை தந்தை ஒருவர்: மகன் கட்டடம் கட்டும் இடத்தில் கூரான கல் எடுத்தான். பழங்கருவியா?

அடித்துச் செதுக்கிய கல்லில், அடி விழுந்த விளிம்புக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு புடைப்பு இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். ஆனால் கல்லுடைக்கும் இயந்திரமும் சில நேரம் அதைச் செய்யும். எனவே கல்லைவிட அது கிடந்த இடம்தான் எனக்கு வேண்டும். அங்கே மேலும் தோண்டவேண்டாம்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். எடுத்த இடத்தைப் படம் பிடித்து, கல்லோடு மகனையும் அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். சீமெந்து ஒட்டியிருந்தால் மகன் மட்டும் வரட்டும்.